உங்களுக்குத் தெரியுமா? கடிகாரத்தோடு வந்த இன்னொரு மொழி

சுவிட்சர்லாந்தில் ஓர் ஊர். ஜெர்மன் பேசுகிறவர்கள் அதைப் பீல் என்கிறார்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள் பியென் என்கிறார்கள். ரயில் நிலையப் பலகையில் இரண்டு பெயரும் இருக்கும், நடுவே ஒரு சாய்கோடு. 2005 முதல் அந்தச் சாய்கோட்டோடு சேர்ந்ததுதான் அரசுப் பெயர். மக்கள்தொகை ஏறக்குறைய 55 ஆயிரம். பின்னால் ஜூரா மலை, முன்னால் 15 கிலோமீட்டர் நீள ஏரி. ஒமேகாவும் ஸ்வாட்சும் இந்த ஊர்க்காரர்கள். ரோலெக்ஸுக்கும் இங்கே பாதி வீடு உண்டு. ஜெனீவாவுக்கும் சூரிக்குக்கும் பறக்கும் சுற்றுலாக்காரர்கள் ரயில் ஜன்னலிலேயே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் எதையெல்லாம் தவறவிட்டார்கள் என்று பார்ப்போம்.

*

கடிகாரம் வருவதற்கு முன் இந்த ஊருக்குச் சோறு போட்டது இந்தியத் துணி. சரியாகச் சொன்னால், இந்தியத் துணியைப் பார்த்துச் செய்த துணி.

17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூப்போட்ட சீட்டித் துணிக்கு ஐரோப்பா சொக்கிப்போனது. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சல் போட, பிரான்ஸ் 1686-இல் அந்தத் துணிக்குத் தடை விதித்தது. 1759 வரை தடை நீடித்தது. அதே காலத்தில் மத அடக்குமுறைக்குத் தப்பி ஓடிய பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகள் எல்லையைத் தாண்டி சுவிட்சர்லாந்தில் துணி அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பீலில் 1747-இல் ஒரு சீட்டித் துணி ஆலை தொடங்கியது. ஏறத்தாழ நூறு வருஷம் ஓடி, 1842-இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது நகர அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆலை மூடிய பிறகு ஊர் என்ன செய்தது என்பதில்தான் மற்ற பல கதைகளும் தொடங்குகின்றன.

*

அடுத்த பிழைப்புக்கு அவர்கள் மலையைப் பார்த்தார்கள். ஜூரா மலைக் கிராமங்களில் குளிர்காலம் நீளமானது. பனி மூடிய மாதங்களில் விவசாயக் குடும்பங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகார உதிரிபாகம் செய்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் பல்சக்கரம், இன்னொரு வீட்டில் முள், மூன்றாவது வீட்டில் டயல். அந்தக் கைகள் எல்லாம் பிரெஞ்சு பேசும் கைகள். பீல் அப்போது ஜெர்மன் பேசிய சின்ன ஊர்.

1840களில் ஊர் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது: கடிகாரத் தொழிலாளர்கள் இங்கே குடியேறினால் வரிச் சலுகை. இதற்காக முன்னே நின்று வாதாடியவர் எர்ன்ஸ்ட் ஷூலர். ஜெர்மனியிலிருந்து அரசியல் அகதியாக வந்து பீலில் ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் இருந்தவர். வெளியூர்க்காரர் ஒருவர் மற்ற வெளியூர்க்காரர்களை அழைக்கச் சொல்கிறார், ஊரும் கேட்கிறது! சூஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகக் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். மூட்டையில் அரமும் சாமணமும் இருந்தன, வாயில் பிரெஞ்சு இருந்தது.

பீல் இருமொழி ஊரானது இப்படித்தான். போர் எதுவும் நடக்கவில்லை, ராஜா யாரும் கட்டளை போடவில்லை. எல்லைக்கோடு போட்ட அதிகாரிகளின் வேலையும் இல்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, ஆளோடு மொழியும் வந்தது. இன்றைக்கு ஊரில் ஐந்தில் மூன்று பங்கு ஜெர்மன், இரண்டு பங்கு பிரெஞ்சு என்று தோராயமாகச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய இருமொழி நகரம் இதுதான்.

*

பீலில் யாரிடமாவது வழி கேட்க வேண்டுமா? எந்த மொழியில் கேட்பது என்று தயங்க வேண்டாம். பேச்சை யார் தொடங்குகிறாரோ அவர் மொழியில் மற்றவர் பதில் சொல்வார். இது சட்டமல்ல, ஊர்ப்பழக்கம். மொழி ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் ‘பீல் மாதிரி’ என்று பெயர் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பெல்ஜியத்தில் இதே இரண்டு மொழிக் குடும்பங்கள் எத்தனை அரசுகளைக் கவிழ்த்திருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதற்காகப் பீலில் புகைச்சலே இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலை விளம்பரங்களில், விளம்பரப் பலகைகளில் பிரெஞ்சுக்கு இடம் குறைகிறது என்ற முணுமுணுப்பு அடிக்கடி எழும். அதைக் கவனிக்கவே 1996 முதல் இருமொழி மன்றம் என்று ஓர் அமைப்பு இயங்குகிறது.

*

நகர மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி இரண்டு மொழியிலும் செய்தி தரும். 1978-இல் தொடங்கிய இலவச வார இதழ் ஒன்று ஒரே கட்டுரையை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்தது. படம் ஒன்றுதான், பத்தி இரண்டு.

*

சூரிக்கில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளை ஜெர்மனில் படிக்கும், லோசானில் வளரும் பிள்ளை பிரெஞ்சில் படிக்கும். எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த ஊர் மொழிதான். பீலிலோ பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். ஊரில் பதிவு செய்யும்போதே நகராட்சியோடு எந்த மொழியில் தொடர்பு வைத்துக்கொள்வது என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் தமிழோ, துருக்கியோ, அல்பேனியமோ எதைப் பேசினாலும் கணக்கில் ஒன்று ஜெர்மன்காரர் அல்லது பிரெஞ்சுக்காரர்!

2010 முதல் மூன்றாவது வழியும் உண்டு. இருமொழி வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஜெர்மன் பிள்ளைகள், ஒரு பங்கு பிரெஞ்சுப் பிள்ளைகள், மீதி வேறு மொழிப் பிள்ளைகள். பாடங்களும் இரண்டு மொழியிலும் கலந்தே நடக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளியில் சொல்லித்தரும் ஜெர்மன் வேறு, பீல் தெருவில் பேசும் பெர்ன் வட்டார ஜெர்மன் வேறு. எழுத்துத் தமிழ் மட்டும் படித்துவிட்டு மதுரையில் இறங்கியவரின் நிலை என்னவென்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

*

ஏரியில் ஒரு தீவு, புனித பீட்டர் பெயரில். 1765-இல் தத்துவ ஞானி ரூசோ அங்கே வந்து சேர்ந்தார். அவருடைய புத்தகங்களை அரசுகள் கொளுத்திக்கொண்டிருந்த காலம். கடைசியாக இருந்த ஊரில் வீட்டின் மீதே கல்லெறிந்துவிட்டார்கள். தீவில் ஆறு வாரம் மட்டுமே இருக்க முடிந்தது. பெர்ன் அரசு வெளியேறச் சொல்லிவிட்டது. ஆனால் தன் வாழ்நாளிலேயே மிக மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் என்று பிற்காலத்தில் எழுதினார்.

என்ன செய்தார் அங்கே? செடி கொடிகளைப் பறித்து வகைப்படுத்தினார். படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போனார். பக்கத்துக் குட்டித் தீவுக்கு முயல்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் குடியேற்றினார். பார்க்க வரும் கூட்டத்துக்குப் பயந்து தப்பித்துப் போக அறைத் தரையில் ஒரு கதவும் இருந்தது. அந்த அறையும் கதவும் இப்போதும் உண்டு. கட்டடம் ஓட்டலாக இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. ரூசோவின் அப்பா ஜெனீவாவில் கடிகாரம் செய்தவர். மகனோ தன் கடிகாரத்தை விற்றுவிட்டு, இனி மணி பார்க்க வேண்டாம் என்று நிம்மதி அடைந்தவர். அப்படிப்பட்டவர் கடைசியில் சுகம் கண்டது எந்த ஏரியில் பாருங்கள். நல்லவேளை, அப்போது பீலில் சீட்டித் துணிதான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

*

அந்தத் தீவு இப்போது தீவே இல்லை. நடந்தே போகலாம்!

ஏரியைச் சுற்றிய தாழ்நிலம் ஒரு காலத்தில் வெள்ளத்திலும் சதுப்பிலும் கிடந்தது. மலேரியா வேறு. பக்கத்து நீடாவ் ஊரைச் சேர்ந்த மருத்துவர் யோஹான் ருடால்ஃப் ஷ்னைடர், நோயாளிக்கு மருந்து கொடுப்பதைவிட ஆற்றைத் திருப்புவது மேல் என்று பல்லாண்டு போராடினார். 1868-இல் வேலை தொடங்கியது. வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்த ஆரே ஆற்றை 1878-இல் கால்வாய் வெட்டி இந்த ஏரிக்குள் விட்டார்கள். ஏரியிலிருந்து வெளியேறும் வாய்க்காலையும் அகலமாக்கினார்கள். ஆற்றை உள்ளே விட்டதும் ஏரி நிரம்பியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் இறங்கியது. தண்ணீருக்கு அடியில் இருந்த நீளமான மேடு வெளியே தலைகாட்டித் தீவைக் கரையோடு சேர்த்துவிட்டது. சதுப்பாகக் கிடந்த நிலத்தில் இன்று சுவிட்சர்லாந்தின் காய்கறி விளைகிறது.

*

ஏரி இறங்கியதும் கரையோரச் சேற்றில் மரக்கால்கள் வரிசை வரிசையாக முளைத்தன. கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் கரையோரம் மரத்தூண் நட்டு வீடு கட்டி வாழ்ந்தவர்களின் ஊர்கள் அவை. தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் இருந்ததால் மரம், நார், தானியம் எல்லாம் மட்காமல் தப்பித்தன. ஆல்ப்ஸைச் சுற்றி 6 நாடுகளில் உள்ள இத்தகைய 111 இடங்களை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீல் ஏரிக் கரையில் மட்டுமே பல உண்டு.

ஏரிக்கரை ட்வான் கிராமத்தில் 1970களில் நெடுஞ்சாலை போடும்போது கிடைத்தது ஒரு ரொட்டி. வயது சுமார் 5,500.

*

1878 பீலுக்கு ராசியான வருஷம். ஆறு ஏரிக்குத் திரும்பியது அந்த வருஷம்தான். ஜான் ஏக்லர் என்பவர் கடிகார இயந்திரப் பட்டறை திறந்ததும் அதே வருஷம். பின்னாளில் ரோலெக்ஸின் நெஞ்சுத்துடிப்பாக ஆகப்போகும் பட்டறை அது. ஏப்ரலில் புத்தகம் கட்டும் கடைக்காரர் வீட்டில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. ராபர்ட் வால்ஸர். அவரைப் பற்றிப் பிறகு.

*

ஒமேகா பிறந்த ஊர் பீல் அல்ல. லூயி பிராண்ட் 1848-இல் லா ஷோ-த-ஃபோன் என்ற மலை நகரத்தில் தொடங்கிய கடை அது. பிள்ளைகள் இருவரும் 1880-இல் பீலுக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். ரயில், ஆள்பலம், ஆற்று நீர்விசை மூன்றும் கீழே இருந்தன. வீட்டுக்கு வீடு உதிரிபாகம் வாங்கிக் கோப்பதை விட்டுவிட்டு ஒரே கூரையின் கீழ் இயந்திரத்தால் செய்ய ஆரம்பித்தார்கள். 1894-இல் அவர்கள் செய்த ஒரு கடிகார இயந்திரத்துக்குத்தான் முதலில் ஒமேகா என்று பெயர். இயந்திரம் பேர் வாங்கியதும் கம்பெனியே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது.

*

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். நேரம் பார்க்கும் பொறுப்பு முதன்முறையாக ஒரே கம்பெனிக்கு. பீலிலிருந்து கிளம்பியது ஒரே ஒரு கடிகாரத் தொழிலாளி, கையில் 30 ஸ்டாப்வாட்ச். அவ்வளவுதான் ஏற்பாடு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அதே ஒமேகா கொண்டுபோன கருவிகளின் எடை 350 டன்.

*

நிலாவில் முதலில் கால்வைத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். ஆனால் நிலாவில் நடந்த முதல் கைக்கடிகாரம் அவருடையது அல்ல. கலத்தில் இருந்த மின்னணு நேரங்காட்டி மக்கர் செய்ததால் தன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். பின்னால் வந்த ஆல்ட்ரின் கையில்தான் கடிகாரம் இருந்தது. பேட்டரி கிடையாது, தானாகவும் ஓடாது. சாவி கொடுத்தால் ஓடும். பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் அந்தக் கடிகாரம் காணாமல் போய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை.

நாசா இந்த ரகக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பண்ணிய சித்திரவதை கொஞ்சமல்ல. 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தார்கள், உறையும் குளிரில் போட்டார்கள், வெற்றிடத்தில் தொங்கவிட்டார்கள், குலுக்கினார்கள், தூக்கி எறிந்தார்கள். மற்ற கம்பெனிக் கடிகாரங்கள் வழியிலேயே விழுந்தன. 1965 மார்ச் 1-இல் தேர்ச்சிச் சான்று கிடைத்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970-இல் அப்பல்லோ 13 பழுதாகித் திரும்பியபோது, பாதை திருத்த இன்ஜினை 14 விநாடி மட்டும் எரிக்க வேண்டியிருந்தது. விநாடி எண்ணியது இதே ரகக் கடிகாரம்.

*

ரோலெக்ஸ் என்றால் ஜெனீவா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மேல்கூடும் டயலும் பட்டையும் அங்கேதான். உள்ளே ஓடும் இயந்திரம் பிறப்பது பீல் மலைச்சரிவில். 1905-இல் லண்டனில் கடை போட்ட ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், சின்னதாகவும் துல்லியமாகவும் இயந்திரம் செய்யத் தெரிந்தவர்களைத் தேடி வந்து சேர்ந்த இடம் ஏக்லர் பட்டறை. 1931-இல் கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் முழுச்சுற்று இயந்திரம் வந்ததும் இங்கிருந்துதான். ஏறக்குறைய நூறு வருஷம் இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள், கைகுலுக்கிய உறவு. 2004-இல்தான் ஜெனீவாக் கம்பெனி பீல் கம்பெனியை வாங்கியது.

1910-இல் துல்லியத்துக்கான அரசுச் சான்றிதழ் வாங்கிய உலகின் முதல் கைக்கடிகாரம் ஒரு ரோலெக்ஸ். சான்றிதழ் கொடுத்த ஆய்வகமும் பீல்தான். அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் என்றால் பெண்கள் நகை என்று சிரித்தவர்கள்தான் அதிகம்.

*

டயலில் ‘குரோனோமீட்டர்’ என்று அச்சடித்த சுவிஸ் கடிகாரம் ஒன்று உங்களிடம் இருந்தால் அது ஒரு பரீட்சை எழுதித் தேறியது. 15 நாள் பரீட்சை. 5 விதமாகக் கிடத்துவார்கள், 3 வெப்பநிலையில் வைப்பார்கள்: 8, 23, 38 டிகிரி. ஒரு நாளைக்குச் சராசரியாக 4 விநாடிக்கு மேல் பின்தங்கக்கூடாது, 6 விநாடிக்கு மேல் முந்தக்கூடாது. தேர்வு மையம் பீலிலும் உண்டு, லெ லோக்ல் ஊரிலும் உண்டு.

நம் தாத்தாக்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டிய ஃபேவர் லூபாவின் பூர்வீகம் இந்த லெ லோக்ல்தான்.

*

டிக் டிக் என்று அடிக்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகிய கடிகாரம் தெரியுமா? நியூயார்க்கின் புலோவா கம்பெனிக்குப் பீலில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த மாக்ஸ் ஹெட்ஸல் என்ற பொறியாளர் 1950களில், பல்லாண்டு பழைய ஊசல் சக்கரத்தையே தூக்கிப் போட்டுவிட்டார். அதன் இடத்தில் சங்கீதக்காரர்கள் சுருதி பார்க்கும் இசைக்கவையை வைத்தார். விநாடிக்கு 360 முறை அதிரும். அக்யூட்ரான் என்ற பெயரில் 1960-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மாதத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகாது என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். அதுவரை யாரும் கொடுக்கத் துணியாத உத்தரவாதம்.

*

பிறகு வந்தது அடி. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் செய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. 1970-இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர். 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் சுமார் 30 ஆயிரம். பீல் ஊரே சுருங்கியது. 64 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை இருபது வருஷத்தில் 52 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. தொழில் கூட்டி வந்த ஊரைத் தொழிலே கலைத்தது. இத்தனைக்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதல் மாதிரிகளில் ஒன்றை 1967-இலேயே பக்கத்து நூஷாடெல் நகரில் சுவிஸ்காரர்களே செய்து வைத்திருந்தார்கள் என்பது வயிற்றெரிச்சல்.

*

மீட்டது ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். பீலுக்குப் பக்கத்து க்ரென்ஹன் ஊரில், எர்ன்ஸ்ட் டோம்கே தலைமையில் எல்மார் மோக், ஜாக் முல்லர் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் வரைந்தது. வழக்கமாகத் தொண்ணூற்றுச் சொச்சம் பாகம் வேண்டிய இடத்தில் 51 பாகம். கடிகாரக் கூட்டின் அடித்தகடே இயந்திரத்தைத் தாங்கும் பலகை. பின்மூடி கிடையாது, ஒட்டிவிட்டார்கள். கெட்டால் பழுது பார்க்க முடியாது, இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பழைய கைவினைஞர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! இதில் வேடிக்கை, இந்த யோசனை பிறந்தது 1979-இல் செய்த 1.98 மில்லிமீட்டர் தடிமனுள்ள விலையுயர்ந்த தங்கக் கடிகாரத்திலிருந்து. பணக்காரர் கைக்குச் செய்த தந்திரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை கைக்கு மாற்றினார்கள்.

ஸ்வாட்ச் வெளிவந்த நாள் 1983 மார்ச் 1. நிலாக் கடிகாரம் சான்றிதழ் வாங்கிய அதே மார்ச் 1, சரியாக 18 வருஷம் கழித்து.

*

திவாலாகும் நிலையில் கிடந்த இரண்டு பெரிய சுவிஸ் கடிகாரக் குழுமங்களை என்ன செய்வது என்று ஆலோசனை சொல்ல வங்கிகள் அழைத்தது நிக்கோலஸ் ஹாயெக்கை. 1928-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். இரண்டையும் இணையுங்கள் என்றார், பிறகு தானே பணம் போட்டு வாங்கினார். இரண்டு கையிலும் சேர்த்து நாலைந்து கடிகாரம் கட்டிக்கொண்டு திரிவார். 2010 ஜூன் 28 அன்று பீல் அலுவலகத்தில் வேலையில் இருக்கும்போதே இதயம் நின்றது. சுவிஸ் நாட்டின் பெருமைக்குரிய தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் லெபனானில் பிறந்தவர் என்பதை நினைக்கும்போது, 1840களில் அகதி ஆசிரியர் சொன்னதை ஊர் கேட்டதும் நினைவுக்கு வருகிறது.

கடிகாரத்தோடு நிற்கவில்லை ஹாயெக். சின்னக் கார் ஒன்று செய்ய ஆசைப்பட்டு 1994-இல் மெர்சிடிஸோடு கூட்டுச் சேர்ந்தார். கூட்டுக் கம்பெனி பீலில்தான் இருந்தது. அவர் நினைத்தபடி மின்சாரமும் பெட்ரோலும் கலந்து ஓடும் வண்டி வரவில்லை. 1998-இல் பங்கை விற்றுவிட்டு விலகினார். இரண்டே பேர் உட்காரும் ஸ்மார்ட் கார் அந்தக் கூட்டின் மிச்சம்.

*

உலகத்துக்கே கிரீன்விச் நேரம் இருக்க, பீல் தனக்கென்று ஒரு நேரம் அறிவித்த கதை உங்களுக்குத் தெரியுமா?

1998 அக்டோபர் 23. இணையம் புதிது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அரட்டை அடிக்கப் போகிறார்கள், நேர மண்டலம் எதற்கு என்று ஸ்வாட்ச் கேட்டது. மணி, நிமிஷம் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு ஒரு நாளை ஆயிரம் ‘பீட்’ என்று பிரித்தது. ஒரு பீட் என்பது 86.4 விநாடி. மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழியை முன்னால் போட்டு எண்ணை எழுத வேண்டும். உலகம் முழுக்க ஒரே எண். தொடக்கக் கோடு எங்கே? பீலில், கம்பெனி அலுவலக வாசலில்! அதற்குப் பீல் சராசரி நேரம் என்றும் பெயர் சூட்டினார்கள். நமக்கு மாலை 4.30 ஆகும்போது அங்கே பீட் 500.

கணக்குப் பார்த்தால் இதில் ஓட்டை இருக்கிறது. பீல் ஏறத்தாழ 7¼ பாகை கிழக்கில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் என்றால் கிரீன்விச்சைவிட 29 நிமிஷம்தான் முன்னால் இருக்க வேண்டும். இவர்கள் வைத்துக்கொண்டது சரியாக ஒரு மணி நேரம். அதாவது மத்திய ஐரோப்பா முழுவதும் ஏற்கெனவே பயன்படுத்திய குளிர்கால நேரம்தான், மேலே பீல் பெயர் ஒட்டியிருக்கிறது. கோடையில் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், பீட் தள்ளாது. ஆகவே வருஷத்தில் பாதிக்கு மேல் பீல் நேரம் பீலுக்கே பொருந்தாது!

இந்த நேரத்தைப் பரப்ப 1999-இல் ஒரு குட்டிச் செயற்கைக்கோளும் செய்தார்கள். அமெச்சூர் வானொலிக்காரர்களின் அலைவரிசையில் விளம்பரச் செய்தி ஒலிபரப்புவதா என்று உலகெங்கும் அவர்கள் கொந்தளித்தார்கள். கடைசியில் மீர் விண்வெளி நிலையத்திலிருந்து அதைக் கையால் வெளியே தள்ளிவிட்டார்கள், ஒலிபரப்புக் கருவியை அணைத்துவிட்டு. பீட் எங்கேயும் பிடிக்கவில்லை. 2000-இல் வந்த ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் என்ற வீடியோ கேம் ஆடியவர்கள் மட்டும் இன்றும் பாசத்தோடு நினைவு வைத்திருக்கிறார்கள்.

*

ஸ்வாட்ச் தலைமையகம் ஒரு மரப்பாம்பு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்து 2019 அக்டோபரில் திறந்தது. 240 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், உயரமான இடத்தில் 27 மீட்டர். வளைந்து வளைந்து சாலையையே தாண்டி எதிர்க் கட்டடத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. அங்கேதான் ஒமேகா அருங்காட்சியகம். 4,600 மரச்சட்டங்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மரம் முழுக்க சுவிஸ் காட்டு மரம், சுமார் 2,000 கன மீட்டர். சுவிஸ் காடுகள் அந்த அளவு மரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி வளர்த்துவிடும் என்கிறார்கள். விளம்பரப் பேச்சு என்று நினைத்தேன். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி கன மீட்டர் வளரும் காடு என்பதால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

*

ராபர்ட் வால்ஸர். காஃப்கா விரும்பிப் படித்த எழுத்தாளர். 14 வயதில் பீல் வங்கியில் வேலை பழகப் போனார். பெர்லினில் பெயர் வாங்கி, பிறகு நொடித்து, 1913-இல் பீலுக்கே திரும்பி, மது விற்காத ஓர் ஓட்டலின் மாடி அறையில் ஏழு வருஷம் இருந்தார். குளிருக்குக் கணப்பு கூட இல்லை. ஊரைச் சுற்றி நடந்ததையே கதையாக எழுதினார்.

பின்னாளில் பெர்னில் அவர் பென்சிலால் எழுதிய எழுத்தின் உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ரசீதுகளிலும் கடித உறைகளிலும் காலண்டர் தாளிலும் நெருக்கி எழுதினார். ஒரு நாவல் முழுவதும் 24 தாளில் அடங்கியது! அவர் போன பிறகு பார்த்தவர்கள் ரகசியக் குறியீடு என்று நினைத்தார்கள். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்து, ஆறு தொகுதி வெளியிட்டார்கள். கடைசித் தொகுதி வந்தது 2000-இல். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கடிகார வேலை செய்யும் ஊரின் பிள்ளை அல்லவா என்று தோன்றாமல் இல்லை.

*

கடிகாரத்தை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்று 1930களின் பொருளாதார மந்தம் சொல்லிக்கொடுத்தது. சோஷலிஸ்ட் மேயர் கீடோ முல்லர் (1921 முதல் 1947 வரை பதவியில் இருந்தவர், பீலைச் சிவப்பு நகரம் என்பார்கள்) அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸை வரவழைத்தார். முதலாளித்துவத்தின் உச்சக் கம்பெனியைக் கம்பளம் விரித்துக் கூப்பிட்ட சோஷலிஸ்ட்! 1936 முதல் 1975 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் பீலில் கோக்கப்பட்டன.

அதே மேயர் காலத்தில் ரயிலடியைச் சுற்றி எழுந்த தட்டைக்கூரைக் கட்டடங்களைப் பேணியதற்காக 2004-இல் வாக்கர் பரிசு பீலுக்குக் கிடைத்தது.

*

1990-இல் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் உலக சூரியசக்திக் கார் பந்தயத்தில் வென்றது பெரிய கார் கம்பெனி எதுவும் அல்ல. பீல் தொழில்நுட்பக் கல்லூரி செய்த வண்டி.

*

ஊரின் ஐஸ் ஹாக்கி அணி மூன்று முறை தேசிய சாம்பியன்: 1978, 1981, 1983. கடிகாரத் தொழில் தரைதட்டிய அதே வருஷங்கள்.

*

1959 முதல் நடக்கும் 100 கிலோமீட்டர் ஓட்டம் இரவு 10 மணிக்குத் தொடங்கும். ராத்திரி முழுக்க வயல் நடுவிலும் காட்டு நடுவிலும் ஓடி விடிந்த பிறகு ஊர் திரும்புவார்கள். நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க ஆளுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

*

ஏரிக்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒயின் பிழிந்த சக்கையைப் பெரிய கொப்பரையில் போட்டு சாராயம் காய்ச்சுவார்கள். அந்த ஆவியிலேயே தொத்திறைச்சியைக் கொப்பரைக்குள் வைத்து வேகவிடுவார்கள். மீதி மாதங்களில் கேட்டால் கிடைக்காது. சைவக்காரர்களுக்கு அதே தோட்டத்து வெள்ளை ஒயின் இருக்கிறது, வருஷம் முழுக்க.